ஹப்ஸா வீட்டு நிரந்தர வதிவாளர்கள்

ஒரு வீட்டில் மனிதர் குடியிருக்கிறார்களா இல்லையா என்பதை அந்த வீட்டு மனிதரிடம் கேட்டு அறிய முடியாது என்பது மீள்வருகைக் குடியிருப்பு உறுதிப்படுத்தல் அலகின் முதலாவது விதி. மனிதர் பொய் சொல்வார்கள். வீடு பொய் சொல்லாது. ஆகவே அலகின் உத்தியோகத்தர்கள் வீட்டை மட்டும் விசாரித்தார்கள். வீட்டுக்காரரைக் கதவோரம் நிற்கச் சொன்னார்கள்.

ஹப்ஸா இரண்டு வருடமாகக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் நின்றது யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவில், தன் வாப்பா பிறந்த வளவில். தொண்ணூறாம் ஆண்டு அவளுக்கு நாலு வயது. முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று இயக்கம் சொன்னபோது உம்மாவின் இடுப்பில் இருந்து போனாள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, அங்கேயே நளீருக்கு வாழ்க்கைப்பட்டு, அர்வாவைப் பெற்று, கடைசியில் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் இரண்டு சுவரும் ஒரு வேப்பமரமும் நின்றன. மரத்தைத் தறித்து, சுவரோடு சேர்த்துத் தகரம் போட்டு, இரண்டு அறை ஆக்கினார்கள். மழைக்கு ஒரு அறை ஒழுகும். பெருமழைக்கு இரண்டும் ஒழுகும்.

திரும்பி வந்தவர்களுக்கான கல்வீட்டுத் திட்டத்தின் பட்டியலில் நளீரின் பெயர் நாற்பத்தோராவது. அலகு மூன்று தரம் வந்து பார்க்கும். மூன்று தரமும் ‘வசிப்பு இல்லை’ என்று எழுதினால் பெயர் வெட்டப்படும். வெட்டிய பெயரைத் திரும்ப எழுத அலகின் கந்தோரில் பேனை கிடையாது.

முதலாவது வருகை ஒரு செவ்வாய்க்கிழமை. உத்தியோகத்தர் கதிரவேலு வந்து பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது. நளீர் பழைய இரும்பு வாங்கச் சைக்கிளில் போயிருந்தான். அர்வா பள்ளிக்கூடத்தில். ஹப்ஸாவோ கதிரவேலுவின் கந்தோரில், கதிரவேலுவின் அறைக்கு முன்னால் கிடந்த றெக்சின் கிழிந்த வாங்கில், கதிரவேலு கையெழுத்து வைத்து அனுப்பிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, கதிரவேலுவைக் காணக் காத்திருந்தாள். அந்த வாங்கில் அது அவளுக்குப் பதினாலாவது நாள்.

மத்தியானம் அவர் திரும்பி வந்தார்.

“உங்கடை வீட்டைதான் போட்டு வாறன். நீங்கள் இல்லை,” என்றார்.

“நான் இஞ்சை இருந்தனான் சேர். நீங்கள்தானே கடிதம் போட்டு வரச்சொன்னனீங்கள்.”

“அது ஆவணப் பிரிவு, அம்மா. நான் போனது களப் பிரிவு. ஆவணப் பிரிவிலை வந்து குந்திக்கொண்டிருந்தால் களத்திலை எப்பிடி வசிப்பியள்?”

ஹப்ஸா கடிதத்தை மடித்தாள். “பிழைதான் சேர்,” என்றாள். பிழை என்று அவள் வாயாலேயே வந்துவிட்டதால் அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் அர்வாவின் கையில் தடிப்பு எழும்பியது. மூன்று மூன்றாக, ஒரே கோட்டில், யாரோ அடிமட்டம் வைத்துப் புள்ளி போட்டதுபோல. ஹப்ஸா முதலில் நுளம்பைச் சந்தேகித்தாள். சுருள் கொளுத்தினாள், மூவருக்கும் இருமல் வந்ததே தவிர தடிப்பு நிற்கவில்லை. பிறகு கணவாயைச் சந்தேகித்தாள். மூன்று கிழமை கணவாய்க் கறி வைக்கவில்லை. பிறகு விரிப்பின் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள் தெரிந்தன. கட்டிலில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிப் பேனையைக் கசிய விட்டிருக்கிறாள் என்று பிள்ளைக்கு ஏச்சு விழுந்தது. “நான் பென்சிலாலைதானே உம்மா எழுதுறன்,” என்றாள் அர்வா. அதையும் ஹப்ஸா நம்பவில்லை. அறைக்குள் வாடிய கொத்தமல்லித்தழை போல ஒரு மணம் வந்தபோது அலுமாரிக்குப் பின்னால் பல்லி செத்துக் கிடக்கிறதா என்று தேடினாள்.

ஒருநாள் காலை மெத்தையின் கிழிசலைத் தைக்கலாம் என்று ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள். தையல் நெடுகக் கறுப்புப் பொட்டு. வெங்காயச் சருகின் துணுக்குப் போலக் கழற்றிவிட்ட தோல்கள். எள்ளிலும் சின்னதாக வெள்ளை முட்டைகள். அவற்றுக்கு நடுவில், வெளிச்சம் பட்டதும் அவசரமில்லாமல் நகர்ந்துபோன, வயிறு நிறைந்த ஒன்று.

ஹப்ஸா மெத்தையை மூடிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பிறகு எழும்பி நின்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயால் சொல்லவில்லை. புத்தளம் முகாமில் ஆறு பேர் ஒரு பாயில் படுத்த காலத்திலும் வராத சீவன். ‘குளிக்காத வீட்டுக்குத்தான் மூட்டை வரும்’ என்று உம்மா சொல்லுவா. ஐந்து வேளையும் கழுவித் தொழுகிற வீட்டுக்கு அது வந்தால், கழுவியதில்தான் என்னவோ குறை என்றுதான் ஊர் சொல்லும். பின்னேரம் நளீர் வந்ததும் அவள் காதோடு சொன்னாள்.

“அது வந்திருக்கு.”

“எது?”

“அதுதான்.”

நளீர் முதுகைச் சொறிந்தபடி யோசித்தான். சொறிந்த கை பாதியில் நின்றது. விளங்கிவிட்டது.

“வெளியிலை மூச்சு விடாதை. பிறகு என்னட்டை ஒருத்தனும் இரும்பு வாங்கான்.”

“இரும்பை அது என்ன செய்யும்?”

“இரும்பை ஒண்டும் செய்யாது. வாங்கிறவன் யோசிப்பான்தானே.”

நல்ல காலம், அர்வாவின் பள்ளிக்கூடச் சட்டைக்கு நீளக் கை. பக்கத்து வீட்டு றிஸ்வியாதான் சிக்கல். அவளும் புத்தளத்திலிருந்து திரும்பி வந்தவள், பட்டியலில் நாற்பத்தேழாவது. பின்னேரம் தோறும் வந்து ஹப்ஸாவின் கட்டிலில் காலை மடித்து இருந்து ஊர்க்கதை கதைப்பாள். “கட்டில் கால் ஆடுது,” என்று ஹப்ஸா அவளை முற்றத்தோடு மறித்தாள். மூன்றாம் நாளும் கட்டில் கால் ஆடியதைக் கேட்டதும் றிஸ்வியா, “சரி ராத்தா, கட்டில் சுகமானாப் பிறகு சொல்லியனுப்புங்கோ,” என்று போய்விட்டாள்.

இந்த நிலையில் அலகிலிருந்து கடிதம் வந்தது. வருகிற பதினாலாம் திகதி முற்பகல் பத்து மணிக்கு முன்னறிவித்தல் எதுவுமின்றி இரண்டாவது வருகை இடம்பெறும் என்று அதில் அறிவித்திருந்தார்கள்.

ஹப்ஸாவுக்குக் கல்வீடு மறந்துபோனது. உத்தியோகத்தர் கட்டிலைப் பார்த்துவிடுவார் என்பது மட்டும் நினைவில் நின்றது. நாலு நாள் வேலை செய்தாள். பாய்களை எரித்தாள். விரிப்பு, தலையணை உறை, தொங்கிய உடுப்பு எல்லாவற்றையும் கொதிநீரில் அவித்துப் பெட்டியில் பூட்டினாள். மெத்தையைப் பொலித்தீனால் சுற்றி வளவின் மூலையில் கிடத்தி மேலே தகரம் போட்டாள். கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்தி, மண்ணெண்ணெயால் துடைத்தாள். வெடிப்புகளை அடைத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பதினாலாம் திகதி காலை வீடு, ஆள் பிறந்த வீடு போலவும் இல்லை, இறந்த வீடு போலவும் இல்லை.

கதிரவேலு ஏழாம் இலக்கப் படிவத்தை விரித்தார். அதன் தலைப்பு ‘வசிப்பின் அறிகுறிகள்’.

“தலையணையிலை எண்ணெய்க் கறை,” என்று வாசித்தார். தலையணை இல்லை. “சுவரிலை முதுகு சாஞ்ச ஊத்தை.” சுவர் பாலாக வெளுத்திருந்தது. “கதவுக்குப் பின்னாலை பழைய உடுப்பு.” கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி இருந்தது. அவர் ஆணியை எழுதவில்லை.

“சுண்ணாம்பு எப்ப அடிச்சது?”

“நேற்று, சேர்.”

“ஏன் நேற்று?”

ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும். அந்தச் சொல் தொண்டை வரை வந்து, ஆட்களைக் கண்டு வெட்கப்பட்டுத் திரும்பிப்போனது. “வடிவா இருக்கட்டுமெண்டு, சேர்.”

“குடியிருக்கிற ஆக்கள் வீட்டை வடிவாக்கிறேல்லை, அம்மா. வாடைக்கு விடுறவைதான் வடிவாக்கிறது. என்ரை வீட்டை ஒருக்கா வந்து பாருங்கோ, கால் வைக்க இடமில்லை. அதுதான் வசிப்பு.” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “நீங்கள் இருக்கிறியள். அதை நான் மறுக்கேல்லை. நீங்கள் இஞ்சை இருக்கிறியளோ எண்டதுதான் கேள்வி.”

பிறகு பின்பக்கத்தை நிரப்பினார். ஊரை விட்டுப் போன காரணம்: ஒன்று தொழில், இரண்டு திருமணம், மூன்று வேறு. ஹப்ஸா சொன்னதைக் கேட்டுவிட்டு ‘வேறு’ என்பதற்கு எதிரே சரி போட்டார்.

“போகேக்கை முகவரி மாற்றம் அறிவிச்சனீங்களோ?”

“ரெண்டு மணித்தியாலம்தான் தந்தவை, சேர்.”

“ரெண்டு மணித்தியாலம் காணுமே, அம்மா. அது ஒரு பக்கப் படிவம்தானே.”

‘வசிப்பு இல்லை’ என்று இரண்டாவது தரமும் எழுதப்பட்டது. அன்றே மெத்தையைத் திரும்ப உள்ளே எடுத்தார்கள். வேறு மெத்தை இல்லை. பொலித்தீனுக்குள் இருந்தவை பசியோடு இருந்தன.

மூன்றாவது வருகைக்கு நளீர் பொறுப்பெடுத்தான். வீட்டில் இருந்த எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டான். தலையணைக்குத் தன் தலையாலேயே எண்ணெய் பூசினான். வெள்ளைச் சுவரில் ஒரு கிழமை முதுகைத் தேய்த்தான். இரும்பு வியாபாரத்துக்கும் போகவில்லை. மூவரும் வாசலில் வரிசையாக நின்று, வசித்துக்கொண்டிருந்தார்கள்.

கதிரவேலு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். திருப்தி இல்லை.

“போன முறை ஒரே சுத்தம். இந்த முறை ஒரே ஊத்தை. தொடர்ச்சி எங்கை? இதெல்லாம் நேற்றுக் கொண்டுவந்து பரப்பியிருக்கலாம். நல்லெண்ணெய் கடையிலையும் விக்கினம்.”

“நாங்கள் ரெண்டு வருசமா இஞ்சைதான் சேர் படுக்கிறம்,” என்றான் நளீர்.

“படுத்ததுக்கு ஆர் சாட்சி?”

அவர் பேனையைத் திறந்து, ‘வசிப்பு’ என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் ‘இ’ எழுதினார்.

“சேர், கொஞ்சம் பொறுங்கோ,” என்றாள் ஹப்ஸா.

அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் பேனை நின்றது. “மகள், நீ வெளியிலை போ,” என்றாள். அர்வாவுக்கு உம்மா என்ன செய்யப்போகிறாள் என்று விளங்கியது. முற்றத்துக்குப் போய் மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நளீர் தன் செருப்பைப் பார்த்தான்.

ஹப்ஸா விரிப்பை இழுத்து எறிந்தாள். மெத்தையின் ஓரத்தைப் பிரித்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அவ்வளவு குனிந்திருக்காது.

“சாட்சி,” என்றாள்.

கதிரவேலு குனிந்து பார்த்தார். இரண்டு அடி பின்னால் வைத்தார். பிறகு, இது என்ன என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்றும், ஆனால் தெரிந்துகொள்ளத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். அறிகுறிகளை இனங்காணும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உரியது. தொலைபேசியில் அழைத்தார்.

பரிசோதகர் சிமியோன் மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தார். பதினெட்டு வருடச் சேவையில் பூச்சாடியில் நுளம்புக் குடம்பி தேடியே காலம் போன மனிதர். மெத்தையைக் கண்டதும் அவர் முகம் பெருநாள் கண்ட முகமானது. கதவையும் யன்னலையும் திறக்கச் சொன்னார், வெளிச்சம் வேண்டுமாம். வெளிச்சத்தோடு அயலும் வந்தது. றிஸ்வியா மதிலுக்கு மேலால் கழுத்தை நீட்டினாள்.

“எல்லாரும் வடிவாப் பாருங்கோ,” என்றார் சிமியோன், வகுப்பெடுக்கிற குரலில். “இந்தக் கறுப்புப் பொட்டு அதின்ரை எச்சம். ஈரத்துணியாலை தடவினால் மைமாதிரி இழுபடும். இது தோல். வளந்து முடியமுன்னம் அஞ்சு தரம் கழட்டும். இஞ்சை அஞ்சு அளவும் கிடக்கு. இது முட்டை. கட்டில் பொருத்துக்குள்ளையும் இருக்கு, யன்னல் நிலையிலையும் இருக்கு. தங்கச்சி, கையைக் காட்டுங்கோ. ஆ, மூண்டு கடி ஒரே கோட்டிலை. பாடப்புத்தகத்திலை போடலாம்.”

ஹப்ஸாவின் கை எல்லோருக்கும் காட்டப்பட்டது.

“எவ்வளவு காலமாய் இருக்கும்?” என்று கதிரவேலு கேட்டார்.

“குறைஞ்சது ஆறு ஏழு மாதம். பேரன் பூட்டன் கண்ட குடும்பம்.”

“இடையிலை எங்கையும் போய் வந்திருக்குமோ? புத்தளம், அப்பிடி?”

“சீ. இதுகள் நாளாந்தம் மனிசர் படுக்கிற இடத்தை விட்டு அரக்காது.”

“அப்ப நிரந்தர வதிவு எண்டு எழுதலாம்?”

“மூட்டைக்கோ? தாராளமா எழுதுங்கோ.”

கதிரவேலு எழுதினார். பிறப்பத்திரம் கேட்கவில்லை. வாக்காளர் இடாப்புக் கேட்கவில்லை. முந்தி எங்கே இருந்தன, ஏன் போயின, எப்போது திரும்பின என்று ஒரு கேள்வியும் இல்லை. ஹப்ஸாவின் வாப்பா பிறந்து, வாப்பாவின் வாப்பா பிறந்த வளவில், ஏழு மாதத்துக்கு முன் வந்தவற்றின் வசிப்பு ஐந்து நிமிடத்தில் உறுதியானது. அவற்றுக்கு இரை வேண்டுமென்ற வகையில், அவர்களுடைய வசிப்பும் அனுமானிக்கப்பட்டது.

“உதுகள் துணிப்பையிலை, உடுப்பிலை ஒட்டிக்கொண்டுதான் வீடு வரும்,” என்றார் சிமியோன். “நீங்கள் வெளியிலை எங்கையும் போய்க் கனநேரம் இருக்கிறனீங்களோ, தங்கச்சி?”

“ஒரு இடமும் போறேல்லை, சேர். இவரின்ரை கந்தோர் வாங்கிலைதான் பதினாலு நாள் இருந்தனான்.”

சிமியோன் கதிரவேலுவைப் பார்த்தார். கதிரவேலு சிறிதும் கலங்கவில்லை.

“அதுக்குச் சாத்தியமில்லை,” என்றார். “மனிசர் இருக்கிற இடத்திலைதான் இருக்கும் எண்டு இப்பதானே சொன்னியள். எங்கடை கந்தோரிலை ஆர் இருக்கிறது?”

அந்த விளக்கம் ஏற்கப்பட்டது.

போகும்போது ஹப்ஸாவிடம் ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டின் ஆவணக்கோவை மாவட்டக் குழுவுக்குப் போய்த் திரும்பும் வரை சான்றுகளை அழிப்பதோ, அவிப்பதோ, புகையடிப்பதோ, பட்டினி போடுவதோ செய்யமாட்டேன் என்பது அதன் சாரம். கட்டில் காலில் இலக்கமிட்ட சீட்டு ஒட்டப்பட்டது. மறு கிழமை கந்தோர் அறிவித்தல் பலகையில் பட்டியல் வந்தது. மற்றவர்களின் பெயருக்கு எதிரே ‘மின் பட்டியல்’, ‘குடும்ப அட்டை’ என்று இருந்தது. நாற்பத்தோராவது பெயருக்கு எதிரே ‘சான்று: மூட்டைப்பூச்சி (உயிருடன்)’ என்று இருந்தது.

மூன்று மாதம் அவர்கள் சான்றுகளுக்குச் சாப்பாடு போட்டார்கள்.

வகுப்பில் அர்வாவின் கதிரையைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். ஆசிரியை அது காற்றோட்டத்துக்காக என்று சொன்னார். மவ்லூது ஓதிய ஒரு வீட்டில் ஹப்ஸா பாயின் ஓரத்தில் இருந்தாள். சற்று நேரத்தில் அந்தப் பாய் முழுவதும் அவளுக்கே கிடைத்தது. தந்த சர்பத்தைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழும்பி வந்தாள். றிஸ்வியா எலுமிச்சங்காய் கேட்டால்கூட மதிலுக்கு அப்பால் நின்று கேட்டாள். காயை மதிலில் வைக்கச் சொல்லி, வெயிலில் கொஞ்சம் கிடந்த பிறகுதான் எடுத்தாள். அர்வா ஒரு நாள் இரவு, “நாங்கள் புத்தளத்துக்கே போயிருக்கலாம், உம்மா,” என்றாள். ஹப்ஸா பிள்ளையின் கைத் தடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. வசிப்பு உறுதிப்படுத்தப்பட்டது. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டலாம். சான்றுகள் இனி அலகுக்குத் தேவையில்லை. அவற்றைப் பேணிய ஒத்துழைப்புக்கு நன்றி. ஹப்ஸா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், அரிப்புத்தான் வந்தது. நளீர் ஜும்ஆவுக்குப் போயிருந்தான். அவள் பெரிய பானையில் நீர் வைத்து, அது கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். மெத்தையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு, பானையைச் சீலைத் துணியால் பிடித்துத் தூக்கினாள்.

“ராத்தா.”

றிஸ்வியா. மதிலுக்கு அப்பால் இல்லை. மதில் முடிகிற இடத்தில் வேலியில் இருந்த இடைவெளிப் பொட்டால் நுழைந்து, முற்றத்துக்கே வந்து நின்றாள். முக்காட்டை மூக்கு வரை இழுத்திருந்தாள்.

“ஊத்திப்போடாதேங்கோ, ராத்தா.”

ஹப்ஸா பானையோடு நின்றாள்.

“எங்களுக்கு வாற புதன் வருகினம். கடைசித் தரம்.” றிஸ்வியா முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு பனடோல் மாத்திரைப் போத்தலை எடுத்தாள். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டிருந்தது. “ஒரு ஆறு தந்தால் காணும். ரெண்டு பெரிசு, மற்றது குஞ்சு. தலைமுறை தெரிய வேணுமாம்.”

“உங்கடை வீடு சுத்தமெண்டு ஊருக்கே சொன்னனீங்கள்.”

“சொன்னனான்தான்.” றிஸ்வியா நிலத்தைப் பார்த்தாள். “அதுதான் இப்ப பிரச்சினை. நாங்களும் இஞ்சைதானே ராத்தா படுக்கிறம். கள்ளமில்லையே.”

பானையின் சூடு துணியைத் தாண்டிக் கையைச் சுட்டது. ஹப்ஸா இறக்கி வைத்தாள். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை முறித்து, மெத்தையின் ஓரத்தில் குந்தினாள். எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எது முட்டையிடும், எது கிழடு, எது நாலு நாளில் செத்துப்போகும் என்றும் தெரிந்திருந்தது. சந்தையில் கோழி பொறுக்குவதுபோலத் தன் கை நல்லதாகப் பார்த்துத் தெரிந்தெடுப்பதைக் கண்டபோது, மெத்தையைப் பிரித்துக் காட்டிய அன்று குனிந்ததைவிட அவள் முகம் குனிந்தது.

ஆறு கேட்டவளுக்கு எட்டுப் போட்டு மூடியை இறுக்கினாள்.

“இதுக்கு என்ன ராத்தா சாப்பாடு குடுக்கிறது?”

“ஒண்டும் குடுக்கத் தேவையில்லை. நீங்கள் அங்கை படுத்தால் காணும்.”

றிஸ்வியா போத்தலை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு, வந்த பொட்டாலேயே போனாள். அவள் போய் வழி விட்டதும் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் மூன்று பெண்கள் நிற்பது தெரிந்தது. ஒருவரையொருவர் காணாததுபோல, ஆளுக்கொரு திசையில் பார்த்தபடி நின்றார்கள். முதலாவதாக நுழைந்தவள் ஸலாம் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். அவளுடைய போத்தல் கொஞ்சம் பெரிது.